மின்சாரம் போன இரவில் தொட்டி எத்தனை மீனைத் தாங்கும்?

கடந்த மாரியில் ஓர் இரவு, பத்து மணி தாண்டியிருக்கும். நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்த ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கரண்ட் போய் ரெண்டு மணித்தியாலம். மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுது. என்ன செய்யிற?" என்று கேட்டார்.

அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆறு கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. பின்வளவில் இரண்டு சீமெந்துத் தொட்டிகள். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, கல்முனை – சவளக்கடை வீதி அடைபட்டு நான்காவது நாள் அது. ஒவ்வொரு மாரியிலும் நமக்குப் பழகிப்போன விடயம்தான். கல்முனையிலிருந்து மீன் எடுக்க வரும் வியாபாரி அந்த வாரம் வரவில்லை. விற்றுப் போயிருக்க வேண்டிய மீனும் தொட்டியில், வளர்ந்துகொண்டிருந்த குஞ்சும் தொட்டியில். காற்றடிக்கும் மோட்டர் நின்றுவிட்டது.

தீன் போட வேண்டாம், கோப்பையால் தண்ணீரை அள்ளி ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருங்கள் என்று சொன்னேன். அவரும் மகளும் மாறி மாறி விடியும்வரை ஊற்றினார்கள். எட்டுத் தொட்டிக்கு நான்கு கைகள் போதவில்லை. சீமெந்துத் தொட்டிகள் இரண்டும் கண்ணாடித் தொட்டி ஒன்றும் தப்பின. மற்றவற்றில் இருந்தவற்றைக் காலையில் தென்னைக்கு அடியில் புதைத்தார்கள். எத்தனை என்று கேட்டேன். "எண்ணல்ல தம்பி" என்றார்.

அவர் 1990இல் கணவரைத் தொலைத்தவர். அந்த ஆண்டு இந்தப் பகுதியில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் என்ன செய்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆடு, கோழி, தையல் இயந்திரம் என்று பல வாழ்வாதார உதவிகளைக் கடந்து, கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது வண்ண மீன் வளர்ப்புத்தான். ஆகவே அந்த இரவில் செத்தது அவரது வருமானம்.

வெள்ளம் வடிந்த பிறகு கல்முனையில் ஒரு மீன் கடையில் இந்தக் கதையைச் சொன்னேன். அங்கேயே ஒரு வாக்குவாதம் தொடங்கியது. வண்ண மீன் வளர்ப்போரிடையே உலகம் முழுவதும் ஓயாமல் நடக்கும் வாக்குவாதம் அது: ஒரு தொட்டியில் எத்தனை மீன் விடலாம்? கேட்கச் சிறிய கேள்விதான். ஆனால் நமது மண்ணில் அதற்குப் பின்னால் கடனும், மின்சாரமும், வீதியும், வாய்க்காலும் இருக்கின்றன.

மூன்று பேர், மூன்று நியாயம்

கடைக்காரக் காக்கா சொன்னது இது: "மீன் கூடினது பிழையில்ல. மோட்டர் நின்டதுதான் பிழை. நல்ல பில்டர் போட்டு, கிழமைக்கு ரெண்டு தரம் தண்ணி மாத்தினா எவ்வளவும் வைக்கலாம். என்ட கடையில பாருங்க." உண்மைதான். அவரது தொட்டிகளில் மீன்கள் தோளோடு தோள் உரசி நின்றன. அவற்றில் நோய் இல்லை.

அங்கே நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டில் நான்கடித் தொட்டி ஒன்றில் நீர்ச்செடி வளர்த்து, ஒரு டசின் மீன் மட்டும் வைத்திருப்பவர். "மோட்டர் நிற்காது என்று நம்பி வைக்கிற மீன், நம் மீன் இல்லை. அது மின்சார சபையின் மீன்" என்றார்.

மூன்றாமவர் இளைஞர். ஆபிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்கள் வளர்ப்பவர். அவர் சொன்னது இரண்டு பேரையும் மறுத்தது: "குறைத்து வைத்தால்தான் அவை சாகும் சேர். ஆறு மீன் விட்டால் ஒரு ஆண் மீன் மற்ற எல்லாவற்றையும் விரட்டிக் கடித்துக் கொன்றுவிடும். முப்பது விட்டால் யாரை விரட்டுவது என்றே அதற்குத் தெரியாது." இதுவும் கற்பனை அல்ல. பாறை இடுக்குகளில் எல்லை வகுத்து வாழும் இந்த வகை மீன்களை நெருக்கமாக வைத்துச் சண்டையைப் பரவலாக்குவது, உலகெங்கும் அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் கையாளும் முறை. பலமான வடிகட்டியும் அடிக்கடி நீர் மாற்றமும் அதற்கு நிபந்தனை.

மூன்று பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றும் வேறு வேறு வீடுகளுக்கான நியாயங்கள். கடைக்காரருக்கு ஜெனரேட்டர் இருக்கிறது. ஆசிரியருக்கு ஓய்வூதியம் இருக்கிறது. மீன் விற்றுச் சோறு உண்ணும் தேவை இல்லை. இளைஞருக்கு அது ஆசை. ஒரு தொட்டி போனால் மனம் நோகும், அடுப்பு அணையாது. அக்காவுக்கு இந்த மூன்றில் எதுவும் இல்லை.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது

எத்தனை மீன் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு கலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டியில் ஏறத்தாழ 56 லீற்றர் பிடிக்கும். அமெரிக்கக் கலனில் அது 15. ஆகவே பதினைந்து அங்குல மீன் விடலாம் என்கிறது அந்தக் கணக்கு. ஞாபகம் வைக்க எளிது, ஆனால் பிழையானது. ஓரங்குல மீன் பத்தும், பத்தங்குல ஒஸ்கார் ஒன்றும் இந்தக் கணக்கில் சமம். உண்மையில் ஒரே வடிவமுள்ள மீன் பத்து மடங்கு நீண்டால் அதன் எடை ஆயிரம் மடங்காகும். அந்த ஒரு பெரிய மீன் உண்பதும் கழிப்பதும் மூச்சுவிடுவதும் பத்துச் சிறிய மீன்களுடன் ஒப்பிடவே முடியாதவை.

சரியான கணக்கு இரண்டு விடயங்களில் நிற்கிறது: கழிவு, மூச்சு.

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனும் அழுகி அமோனியாவாகிறது. வடிகட்டியின் பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பக்டீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவது அவ்வளவு கெடுதியில்லை. தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தப் பக்டீரியாக்கள் ஒரு புதிய தொட்டியில் நிலைகொள்ளப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் முதல் நாளே மீனை நிறைத்தால் கழிவைத் தின்ன அங்கே யாரும் இல்லை.

அமோனியாவின் கொடுமை தண்ணீரின் தன்மையையும் பொறுத்தது. நமது வெப்பநிலையான 28 பாகையில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்குதான் கொல்லும் வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு ஆறு, ஏழு ஆகிவிடும். ஒரே அளவு மீன், ஒரே அளவு தீன்; கிணற்றுத் தண்ணீர் மாறினால் ஆபத்து பத்து மடங்கு ஏறலாம். கல்முனையில் ஒருவருக்குச் சரிவந்த எண்ணிக்கை நாவிதன்வெளியில் சரிவரும் என்று சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது மூச்சு. அக்காவின் மீன்களைக் கொன்றது இதுதான். குளிர்ந்த நீர் அதிக ஒட்சிசனைப் பிடித்துவைக்கும், சூடான நீர் குறைவாகப் பிடிக்கும். 20 பாகையில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரைந்திருக்கும். 30 பாகையில் ஏழரை. அதாவது, குளிர் நாட்டு வளர்ப்பாளர் ஒருவர் எழுதிவைத்த எண்ணிக்கையை அப்படியே எடுத்தாலே நாம் ஏமாந்துவிடுவோம்.

ஒரு சுமாரான கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டியில் கல், மணல் போக 50 லீற்றர் தண்ணீர். ஏழரைப்படி 375 மில்லிகிராம் ஒட்சிசன். லீற்றருக்கு இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்கா. ஆகவே செலவழிக்கக் கூடியது 275 மில்லிகிராம். ஒரு கிலோ மீன் மணித்தியாலத்துக்கு 300 மில்லிகிராம் அளவில் மூச்சுக்குப் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் மொத்தம் 100 கிராம் மீன் இருந்தால், மோட்டர் நின்ற பிறகு ஒன்பது மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். இடையில் நீர்ப்பரப்பின் வழியாகக் காற்றிலிருந்து கொஞ்சம் சேரும் என்பதால், அந்தத் தொட்டி விடியும்வரை பிழைத்துக்கொள்ளும். அதே தொட்டியில் 400 கிராம் மீன் இருந்தால் இரண்டேகால் மணித்தியாலம்தான். அக்கா என்னை அழைத்தபோது இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது.

இன்னொன்றும் நடக்கும். வடிகட்டியில் தண்ணீர் ஓடாவிட்டால் அதற்குள் இருக்கும் பக்டீரியாக்களும் மூச்சின்றிச் சாகத் தொடங்கும். பல மணித்தியாலத்துக்குப் பிறகு மின்சாரம் வந்து மோட்டர் ஓடும்போது, மூடிய வடிகட்டிக்குள் அழுகிய நீரைத் தொட்டிக்குள் கொட்டும். இரவைத் தாண்டிய மீன் காலையில் சாவது இப்படித்தான். ஆசிரியரின் நீர்ச்செடிகூட இருட்டில் உதவாது. வெளிச்சம் இருக்கும்போது ஒட்சிசன் தரும் செடி, இரவில் அதே ஒட்சிசனை எடுத்துக்கொள்கிறது. அவரைக் காப்பாற்றுவது செடியல்ல. மீன் குறைவாக இருப்பதுதான்.

ஆக, நெருக்கமான தொட்டி என்பது கடன் போன்றது. ஒவ்வொரு மணித்தியாலமும் மின்சாரத்தாலும் உழைப்பாலும் அதற்கு யாராவது தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏற்றுமதியாளர்கள் இதை நன்கு அறிவார்கள். பொலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதிக்கு ஒட்சிசனும் அடைத்து, அதில் தொட்டியில் நினைத்தும் பார்க்க முடியாத அளவு மீனை விமானத்தில் அனுப்புகிறார்கள். அதற்கு முன் ஓரிரு நாட்கள் தீன் நிறுத்திக் கழிவைக் குறைக்கிறார்கள். எத்தனை மணித்தியாலத்துக்கு என்பது முன்கூட்டியே எண்ணப்பட்டிருக்கிறது. நமது தாழ்வாரங்களில் அப்படி யாரும் எண்ணுவதில்லை.

நெருக்கத்தை நாம் புத்தகத்தில் படிக்கவில்லை

மீனையும் மனிதரையும் ஒப்பிடுவது என் நோக்கம் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லலாம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரப் பாடசாலைகளிலும், 2009இல் மெனிக் பாமிலும் இருந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு முகாமில் முதலில் உடைவது கூரை அல்ல, தண்ணீரும் மலசலகூடமும்தான். அகதிமுகாம்களுக்கான சர்வதேசக் குறைந்தபட்ச நியமங்கள் ஓர் ஆளுக்கு மூன்றரைச் சதுர மீற்றர் இடம் என்பதோடு நிற்பதில்லை. நாளுக்கு 15 லீற்றர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு மலசலகூடம் என்றும் கேட்கின்றன. எத்தனை பேர் கொள்வார்கள் என்பதை இடத்தால் மட்டும் அளப்பவர்கள், அந்த இடத்தில் படுத்திருக்காதவர்கள்.

தொட்டியிலும் அதே பிழைதான் நடக்கிறது. மீன் நீந்த இடம் இருக்கிறதா என்று கண் பார்க்கிறது. கழிவும் மூச்சும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஏன் கூட்டுகிறார்கள்

அக்காவுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நினைத்தால் அது தவறு. தொட்டி நிறைந்திருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது. அவர் ஏன் குறைக்கவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, தவணை. தொட்டிகளை விரிவாக்க அவர் நுண்கடன் எடுத்திருந்தார். தவணை வாரத்துக்கு ஒருமுறை வரும். கப்பியும் மொலியும் வாரத்துக்கு ஒருமுறை வளர்ந்து முடிவதில்லை. ஆகவே ஒரு தொகுதி விற்கும்போது அடுத்த தொகுதி பாதி வளர்ந்தும், அதற்கடுத்தது குஞ்சாகவும் இருந்தாக வேண்டும். கடன்தான் தொட்டியை நிறைக்கிறது. வடக்கு கிழக்கில் நுண்கடன் எத்தனை பெண்களின் கழுத்தை நெரித்தது என்பது பழைய செய்தி. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்குவதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது.

இரண்டாவது, வீதி. வாங்குபவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மழை கூடினால் கிட்டங்கி மூடும், வியாபாரி வரமாட்டார், மீன் தேங்கும். அதே மழையில்தான் மின்கம்பிகளில் மரம் விழுகிறது. தொட்டி மிக அதிகமாக நிறைந்திருக்கும் நாளும், மின்சாரம் போகக்கூடிய நாளும் ஒன்றாக வந்து சேர்வது தற்செயல் அல்ல. இங்கே அது பருவகாலம். நல்ல பாலம் ஒன்று இருந்திருந்தால் அவரது தொட்டிகளில் பாதி மீன் அந்த இரவில் இருந்திருக்காது.

மூன்றாவது, உதவி வழங்கும் முறை. அரச திட்டமோ தொண்டு நிறுவனமோ, இத்தனை குடும்பங்களுக்கு இத்தனை தொட்டி, இத்தனை மீன் என்றுதான் அறிக்கை எழுதுகிறது. தொட்டியும் வடிகட்டியும் மீனும் ஒரே நாளில், ஒரே பதாகைக்கு முன்னால் கையளிக்கப்படுகின்றன. நான் பார்த்த அப்படியொரு நிகழ்வில் புகைப்படம் எடுத்து முடியும்வரை மீன்கள் பையிலேயே வெயிலில் இருந்தன. பக்டீரியா நிலைகொள்ள ஆறு வாரம் வேண்டும் என்பது எந்த நிகழ்ச்சி நிரலிலும் இல்லை. முதல் மாதத்தில் மீன் செத்தால், "பயனாளிக்குப் பராமரிக்கத் தெரியவில்லை" என்று எழுதப்படும்.

மின்சாரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணம் அது இல்லாமலே வாழ்ந்தது. 2022 மார்ச் 31இல் நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது. இத்தனைக்கும் பிறகு, மின்சாரம் நிற்காது என்று நம்பி ஒரு வாழ்வாதாரத்தை வடிவமைப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள்?

மிஞ்சிய மீன் எங்கே போகிறது

தொட்டி நிறைந்தால் எல்லா மீனும் சாவதில்லை. சிலவற்றைச் சாக விட மனம் வராமல் வாய்க்காலில் விட்டுவிடுகிறோம். "பாவம், உயிரோட போகட்டும்" என்ற இரக்கம்தான் அது. அதன் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

குருநாகல் மாவட்டத்தின் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டு இராட்சத விரால் வகை ஒன்று பெருகி, உள்ளூர் மீன்களைத் தின்று, நன்னீர் மீனவர்களின் பிழைப்பில் கைவைத்திருப்பது அண்மைக்காலச் செய்தி. வண்ண மீனாகக் கொண்டுவரப்பட்டு, தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்தபோது யாரோ கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும் என்பதே துறைசார்ந்தவர்களின் கணிப்பு. அதைக் குறைக்கத் தூண்டில் போட்டிகூட நடத்தப்பட்டது. பிடித்ததைக் கருவாடாக்கி விற்கவும் அங்குள்ளவர்கள் முயல்கிறார்கள். 2025இன் தொடக்கத்தில் அரசாங்கம் பிரானா, கத்தி மீன், முதலை கார், செங்கோட்டு விரால் ஆகியவற்றுக்கு வர்த்தமானி மூலம் தடை விதித்தது. கடைகளில் "டேங்க் கிளீனர்" என்று விற்கப்படும் மீன் ஏற்கெனவே நாட்டின் பல குளங்களில் குடியேறிவிட்டது. இரண்டங்குலத்தில் அழகாகப் பாசி சுரண்டும் அது, ஓரடிக்கு மேல் வளரும் என்பதை வாங்கும்போது பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

தெதுரு ஓயாவில் நடந்தது நமது பக்கத்தில் நடந்தால் என்ன ஆகும்? சவளக்கடை, நாவிதன்வெளி என்பவை வயலும் வாய்க்காலும் பின்னிக் கிடக்கும் இடங்கள். மாரியில் வாய்க்கால், வயல், ஆறு, களப்பு எல்லாம் ஒரே தண்ணீர். இங்கே ஒரு வாய்க்காலில் விடப்படும் மீன் அந்த வாய்க்காலோடு நிற்காது. வலை வீசி, தூண்டில் போட்டு, வீட்டுக் கறிக்கு மீன் பிடிக்கும் குடும்பங்கள் கிட்டங்கியின் இரு கரையிலும் இருக்கின்றன. போரின்போது கடலுக்குப் போகத் தடை இருந்த காலங்களில் இந்த நன்னீர் மீன்தான் பல வீடுகளில் சோற்றுக்குத் துணை. ஆகவே, "என் தொட்டி, என் மீன், எத்தனை வைத்தால் உனக்கென்ன" என்ற பேச்சு இங்கே செல்லாது.

சட்டம் எதுவரை உதவும்

இதைச் சட்டத்தால் சரிசெய்ய முயன்றவர்கள் உண்டு. இத்தாலியின் ரோம் நகரம் 2005இல் உருண்டைக் கண்ணாடிப் பாத்திரத்தில் தங்க மீன் வைப்பதைத் தடைசெய்தது. ஜேர்மனியில் வண்ண மீனுக்கு வைக்கும் தொட்டி 54 லீற்றருக்குக் குறையக்கூடாது என்று 1998இல் நிபுணர் அறிக்கை ஒன்று பரிந்துரைத்தது. இந்தியா 2017 மே மாதத்தில் மீன் கடைகளுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. பதிவும், மீன் நிபுணர் ஒருவரும் கட்டாயம் என்றும், ஒரு நீண்ட பட்டியலிலுள்ள மீன் இனங்களை விற்கக்கூடாது என்றும் அவை சொல்லின. வண்ண மீன் தொழிலில் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் வீட்டுக் கொல்லையில் மீன் வளர்த்துப் பிழைப்பவர்களுக்கு அவை பேரிடியாகத் தெரிந்தன. எதிர்ப்புக்குப் பின்னர் அந்த விதிகள் திரும்பப் பெறப்பட்டன.

இலங்கையில் விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அடைத்து வைக்கப்பட்ட மீனும் அதில் விலங்காகவே கொள்ளப்படுகிறது. ஆனால் அதன் அபராதம் நீண்டகாலமாக நூறு ரூபாயாகவே இருந்து வந்தது. புதிய விலங்குநலச் சட்டம் பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது.

லீற்றருக்கு இத்தனை மீன் என்று எண்ணிக்கையைச் சட்டமாக்குவதை நான் விரும்பவில்லை. அது ஜெனரேட்டர் உள்ள கடைக்காரரைத் தொடாது. அக்காவின் வாசலில்தான் வந்து நிற்கும். மேலே பார்த்தபடி, எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்வதும் இல்லை. மீனின் பருமன், தண்ணீரின் தன்மை, மோட்டர், ஆள்பலம் எல்லாம் சேர்ந்துதான் எல்லை.

மோசமான இரவால் அளப்போம்

நான் முன்வைப்பது ஓர் எளிய அளவுகோல். ஒரு தொட்டி எத்தனை மீனைத் தாங்கும் என்பதை மோட்டர் ஓடும் நல்ல நாளில் அளக்க வேண்டாம். மின்சாரம் இல்லாத, வீதி அடைபட்ட, வீட்டில் இரண்டு பேர் மட்டும் விழித்திருக்கும் இரவில் அளப்போம். அந்த இரவில் எத்தனை பிழைக்குமோ அதுதான் அந்தத் தொட்டியின் எல்லை. கடைக்காரக் காக்காவின் ஜெனரேட்டர் ஓடும்வரை அவரது எல்லை உயரமானது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் எல்லையை உயர்த்த வேண்டுமானால் அவருக்கு மேலும் மீன் கொடுப்பதில் பயனில்லை. மின்சாரம் போன பிறகும் ஓடும் ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

வாழ்வாதார உதவி வழங்குவோரிடமும், தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் — நாம் நக்டா என்று சொல்வதன் — அலுவலர்களிடமும் கேட்க வேண்டியவை இவை. முதலில் தொட்டியையும் வடிகட்டியையும் கொடுங்கள். மீனை ஆறு வாரம் கழித்து, சிறு சிறு தொகுதியாகக் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் 12 வோல்ட் பட்டரியில் ஓடும் காற்று மோட்டர் ஒன்று அந்த உதவிப் பொதியிலேயே இருக்கட்டும். மாரி தொடங்குமுன், ஐப்பசி முடிவதற்குள், வளர்ந்த மீனை ஒன்றாகக் கொள்வனவு செய்ய ஒழுங்கு செய்யுங்கள். விற்க முடியாத மீனைத் திரும்பக் கொடுக்க ஓர் இடம் காட்டுங்கள். அப்படி ஓர் இடம் இருந்தால் வாய்க்காலில் விடுவது குறையும். கடன் கொடுப்போர் தவணையை மீன் வளரும் காலத்தோடு பொருத்தட்டும்.

வளர்ப்போருக்கும் சில சொல்லலாம். உயரமான தொட்டியைவிட அகலமான தொட்டி நல்லது. நீர்ப்பரப்புத்தான் மூச்சு விடும் வாசல். சீமெந்துத் தொட்டிகள் தப்பியதற்குக் காரணமும் அதுதான்: பரப்பு அதிகம், தண்ணீர் அதிகம். கௌராமி போன்றவை மேற்பரப்புக்கு வந்து நேரடியாகக் காற்றை உறிஞ்சக் கூடியவை. மின்சாரம் நிலையில்லாத வீட்டில் அவை கோல்ட் பிஷ்ஷைவிடப் பாதுகாப்பானவை. பைட்டரும் அப்படித்தான். ஆனால் ஆண் பைட்டர்களை ஒன்றாக விட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் போத்தல் வேண்டும். மழை எச்சரிக்கை வந்த அன்றே தீனை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் ஒரு நாள் இரண்டு நாள் பட்டினியால் சாகாது. மின்சாரம் திரும்பியதும் மோட்டரைப் போடுமுன் வடிகட்டியைக் கழற்றித் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

போன மாதம் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறு கண்ணாடித் தொட்டிகளில் நான்கை விற்றுவிட்டார். அந்தக் காசில் பின்வளவில் மூன்றாவது சீமெந்துத் தொட்டி ஒன்றை ஆழம் குறைவாக, அகலமாகக் கட்டியிருக்கிறார். அதில் கௌராமி. பழைய மோட்டார் சைக்கிள் பட்டரி ஒன்றும் சிறிய காற்று மோட்டர் ஒன்றும் திண்ணையில் இருந்தன. வருமானம் முன்பைவிடக் குறைவு என்றார். தவணை இன்னும் பதினொரு வாரம் இருக்கிறதாம்.

"முந்தி மாதிரி நிறைய இல்ல தம்பி. ஆனா இப்ப மழை பெஞ்சா நித்திரை கொள்ளலாம்" என்று சொல்லி, தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.